ரெண்டாம் நம்பர் கேமராவின் பதில்

எங்கள் சித்தப்பாவுக்கு வீட்டில் பெயர் ‘ரெண்டு’. “ரெண்டு வந்தாச்சா?” என்று சித்தி கேட்பாள். “ரெண்டுக்குச் சளி பிடிச்சிருக்காம்” என்று அம்மா போனில் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பாள். புதிதாக வருகிற விருந்தாளிகள் ஒன்றும் புரியாமல் முழிப்பார்கள். அவர்களுக்கு விளக்கம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

விஷயம் இவ்வளவுதான். கால்பந்துப் போட்டிகளை டி.வி.யில் நேரடியாகக் காட்டுகிற கம்பெனி ஒன்றில் சித்தப்பா கேமராமேன். நேரடி ஒளிபரப்பில் யாருக்கும் பெயர் கிடையாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவர் “என்ன சார்?” என்று கேட்பதற்குள் பந்து கோலுக்குள் போய் உட்கார்ந்துவிடும். அதனால் கேமராவின் நம்பர்தான் ஆளின் பெயர். சித்தி அதே கம்பெனியில் ஒலி பார்க்கிறவள். அவளைச் ‘சவுண்டு’ என்பார்கள். ரெண்டும் சவுண்டும் கல்யாணம் செய்துகொண்ட கதையும் எனக்குத் தெரியும், பிரியப் பார்த்த கதையும் தெரியும். முன்னது பிறர் சொல்லிக் கேட்டது. பின்னது நடந்தபோது நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

சித்தி இந்த வேலைக்கு வந்ததே குறுக்கு வழியில்தான். முதலில் கம்பெனியின் டெலிபோன் போர்டில் இருந்தாள். யாருக்கு யார் லைன் வேண்டும் என்று கேட்டு, இந்த ஒயரை எடுத்து அந்த ஓட்டையில் சொருகுகிற வேலை. ஒலி பார்த்தவர் காலை உடைத்துக்கொண்டு ஒருநாள் ஆஸ்பத்திரியில் படுத்துவிட, “ஒயர் சொருகத் தெரிஞ்சவங்க யாராவது வாங்கப்பா” என்று டைரக்டர் கத்தினாராம். சித்தி கைப்பையை எடுத்துக்கொண்டு வேனில் ஏறியவள்தான். திரும்பி போர்டுக்குப் போகவே இல்லை. ஆனால் அந்த போர்டின் கர்வம் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. “நான் இதுவரைக்கும் தப்பான ஆளுக்கு லைன் கொடுத்ததே கிடையாது” என்பாள். இதை அவள் சொல்லி நாங்கள் கேட்காத நாள் குறைவு.

வேன் என்று சொல்கிறேனே தவிர அது ஒரு நீளமான லாரி. மைதானத்துக்கு வெளியே நிற்கும். இரும்புப் படி ஏறி உள்ளே போனால் வெளியே வெயில் கொளுத்துகிறது என்பதே மறந்துவிடும். அப்படி ஒரு குளிர். எந்திரங்கள் சூடாகக் கூடாதாம், மனிதர்கள் நடுங்கினால் பரவாயில்லையாம். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன டி.வி.கள், கேமராவுக்கு ஒன்று. அவற்றில் எந்தப் படம் வீடுகளுக்குப் போக வேண்டும் என்று டைரக்டர் கத்துவார். கடைசியில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு குட்டி அறை. சித்தியின் சாம்ராஜ்யம். சால்வையைப் போர்த்திக்கொண்டு, பிஸ்கட் டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பந்து உதைபடுகிற சத்தத்தையும் கூட்டத்தின் இரைச்சலையும் கலந்து அனுப்பிக்கொண்டிருப்பாள். டைரக்டர் கேமராமேன்களோடு பேசுகிற உள்லைனும் அவள் பொறுப்புதான். எல்லோர் ஹெட்செட்டும் அவள் வழியாகத்தான் பேசும்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஆட்டம் நடக்கும்போது கேமராமேன் வாய் திறக்க முடியாது. பக்கத்திலேயே மைக் இருக்கும். அதனால் டைரக்டர் ஏதாவது கேட்டால் கேமராவாலேயே பதில் சொல்லுவார்கள். மேலும் கீழும் ஆட்டினால் ‘சரி’. பக்கவாட்டில் ஆட்டினால் ‘இல்லை’. சுவரில் இருக்கிற டி.வி.களில் ஒன்று மட்டும் மெள்ளத் தலையாட்டும். முதல் தடவை பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அதைப்போல மரியாதையான பதில் உலகத்திலேயே இல்லை என்று பட்டது. ஒரே ஒரு நிபந்தனை உண்டு. கேமராவின் தலையில் சிவப்பு விளக்கு எரிந்தால் அந்தப் படம் ஊர் முழுக்கப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது மட்டும் ஆட்டக் கூடாது.

சித்தப்பாவுக்கு இந்த வழக்கம் தோதாக அமைந்துவிட்டது. ஏனென்றால் அவர் பேசாத ஆள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைப்பு. லென்ஸைத் துடைக்கும்போது மட்டும் ஏதோ ஒரு மெட்டை மூக்கால் முனகுவார். அதுவும் சுருதி சேராது. சித்தியிடம் அவர் காட்டிய காதல் என்னவென்று கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். கேமராமேன்கள் ஹெட்செட்டை மாட்டுகிற ஆணி படிக்குப் பக்கத்தில் இருந்தது. இவர் மட்டும் ஆட்டம் முடிந்ததும் வேனின் மறுகோடி வரைக்கும் நடந்துபோய், சித்தியின் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் தன் ஹெட்செட்டை மாட்டிவிட்டுப் போவார். அவ்வளவுதான். இப்படியே வருஷக்கணக்கில்.

சித்தியின் வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். ஆணியை நம்பி எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது? ஒரு போட்டியின் நடுவில் ஆட்டக்காரர் ஒருவர் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். ஆட்டம் நின்றது. சித்தி உள்லைனில் ரெண்டாம் நம்பருக்கு மட்டும் போகிற பொத்தானை அழுத்தினாள்.

“ரெண்டு, எங்க வீட்டுல வந்து பேசுவீங்களா?”

சித்தப்பா மேலும் கீழும் ஆட்டினார். ஒரு தடவை ஆட்டினால் போதும். அவர் மூன்று நான்கு தடவை ஆட்டினார். தலைகால் புரியாத சந்தோஷத்தில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்க்கவில்லை. விழுந்து கிடந்தவரும், முதலுதவிக்காரர்களும், புல்தரையும், எதிரே இருந்த விளம்பரப் பலகையும் சேர்ந்து ஊரில் இருக்கிற எல்லா டி.வி.யிலும் எகிறிக் குதித்தன.

“யோவ் ரெண்டு, என்னய்யா அங்க, பூகம்பமா?” என்று டைரக்டர் அலறினார்.

மறுநாள் மேலதிகாரி கூப்பிட்டுக் காரணம் கேட்டபோது சித்தப்பா ஒரே வார்த்தைதான் சொன்னாராம்.

“காத்து.”

அன்றைக்கு மரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை. கல்யாணம் நடந்தது. அந்தப் படத்துண்டை யாரோ பத்திரமாக எடுத்து வைத்திருந்து, கம்பெனி விருந்துகளில் எல்லாம் போட்டுப் போட்டுச் சிரித்தார்கள். சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். சித்தி மட்டும் ஒவ்வொரு தடவையும் முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்ப்பாள்.

நான் படித்து முடித்து அதே கம்பெனியில் சேர்ந்தேன். திரையின் ஓரத்தில் கோல் கணக்கும் ஆட்டக்காரர் பெயரும் வருமே, அதைத் தட்டிப் போடுகிற வேலை. அந்த வேன் நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சை என்னவோ செய்கிறது. இடமே கிடையாது. முழங்கையை மடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். ஒருத்தர் தும்மினால் அத்தனை பேருக்கும் ஜலதோஷம். ஆட்டம் முடிந்ததும் கேமராமேன்கள் வியர்வையோடு படியேறி வருவார்கள், உள்ளே இருந்த நாங்கள் குளிரில் விறைத்துப்போய் இறங்குவோம், படியில் எதிரும் புதிருமாக மாட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் திட்டுவோம். “அந்த கோலை ஏன்யா விட்ட?” “நீ ஏன் மூணுக்கு மாத்துன?” கை கனத்துக்கு இருக்கிற கேபிள்களை எல்லோரும் சேர்ந்து சுருட்டுவோம். சித்தப்பா ஹெட்செட்டை அவருடைய ஆணியில் மாட்டுவார். கல்யாணமாகி அத்தனை வருஷம் கழிந்தும் அந்த ஆணிதான்.

பிறகு நெட்வொர்க் வந்தது.

இனிமேல் வேன் வேண்டாம் என்றார்கள். கேமராமேன்கள் மட்டும் மைதானத்துக்குப் போனால் போதும். மற்றவர்கள் எல்லாம் நகரத்தில் கம்பெனிக் கட்டடத்தின் ஒரு அறையில் இருப்போம். படமும் ஒலியும் பொடிப்பொடியாக நறுக்கப்பட்டு, நூல் கனத்துக்கு ஒரு கண்ணாடி இழை வழியாக வந்து சேர்ந்து, இங்கே மறுபடி முழுசாகும். நான் நம்பவில்லை. பெரியவர்கள் பாதிப் பேர் நம்பவில்லை. சித்தி ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டாள்.

“இதுல என்னடி இருக்கு? படம் பெரிய மூட்டை. சத்தம் சின்னப் பொட்டலம். பொட்டலம் முன்னாடி வந்து சேந்துடும். மூட்டை வர்ற வரைக்கும் அதை வாசல்லயே நிக்க வைக்கணும். ரெண்டையும் சேத்து உள்ள விடணும். நான் வாசல்காரி.”

அந்த வாசல் எவ்வளவு நேரம் மூடியிருக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க, மைதானத்தில் ஒருவர் கேமரா முன்னால் நின்று கைதட்டுவார். கை சேருவதும் சத்தம் கேட்பதும் ஒன்றாகும் வரைக்கும் சித்தி திருகிக்கொண்டே இருப்பாள். அந்தக் கைதட்டல் வேலையைச் சித்தப்பாவுக்குக் கொடுத்தார்கள். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு மனிதர் கைதட்டுவதை நான் அப்போதுதான் பார்த்தேன்.

ஒயர்களுக்குப் பதிலாகச் சித்தியின் எதிரே ஒரு திரை வந்தது. இடப்பக்கம் யார் யார் பேசுகிறார்கள் என்று பட்டியல், மேலே யார் யார் கேட்கிறார்கள் என்று பட்டியல், நடுவில் கட்டம் கட்டமாக ஒரு பலகை. கட்டத்தில் ஒரு டிக் போட்டால் இவர் குரல் அவருக்குப் போகும். பழைய டெலிபோன் போர்டே மறுபிறவி எடுத்து வந்ததுபோல அவளுக்கு ஒரே பூரிப்பு. வயது குறைந்துபோனவள் மாதிரி நடமாடினாள்.

சித்தப்பாவுக்கோ உலகமே இருண்டுவிட்டது. புது எந்திரத்தைக் கண்டு பயந்தார் என்று நினைக்காதீர்கள், அவர் கேமரா அதே கேமராதான். ஆட்டம் முடிந்ததும் ஏறுவதற்குப் படி இல்லை, அதுதான். கோல் கம்பத்துக்குப் பின்னால் உயரமான ஒரு கோபுரத்தில் தனியாக நின்று, முடிந்ததும் தனியாக இறங்கி, நீண்ட தூரம் பஸ் பிடித்து வீட்டுக்கு வருவார். அதற்குள் சித்தி தூங்கிப்போயிருப்பாள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவர் வாழ்நாளிலேயே பேசிய நீளமான பேச்சைப் பேசினார்.

“உன் குரல் மட்டும் வருது. நீ வர மாட்டேங்குற. இதுக்கு எனக்கு ரேடியோ போதும்.”

சித்தி சிரித்துவிட்டாள். சிரித்திருக்கக் கூடாது. அடுத்த வாரமே சித்தப்பா, தூரத்து ஊரில் மரக்கடை வைத்திருக்கிற தன் ஒன்றுவிட்ட அண்ணனிடம் பேசி முடித்துவிட்டார். அண்ணன் எப்போது வேண்டுமானாலும் வா என்றிருந்தாராம். சித்தியையும் வரச் சொன்னார். “இப்பதான் எனக்கு வேலையே புடிக்க ஆரம்பிச்சிருக்கு. மரத்தூள்ல வந்து நான் என்ன பண்ணுவேன்?” என்றாள் சித்தி. “சரி” என்றார் அவர். அதற்கப்புறம் வீட்டில் தட்டு வைக்கிற சத்தம், குழாய்ச் சத்தம், கதவுச் சத்தம். பேச்சுச் சத்தம் இல்லை. சித்தி எத்தனையோ தடவை கேட்டாள். “போறதுன்னு முடிவா? அதையாவது சொல்லுங்க.” அவர் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விடுவார். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் கோபமாக வந்தது. ஒருத்தர் வாயைத் திறந்து ‘போகாதீங்க’ என்று சொல்ல மாட்டேன் என்கிறார், இன்னொருத்தர் வாயே திறக்க மாட்டேன் என்கிறார். நடுவில் நான் கிடந்து தவித்தேன்.

அந்தப் பருவத்தின் பெரிய ஆட்டம் வந்தது. அன்று காலை சித்தப்பா துணிப்பையோடு கிளம்பினார். ஆட்டம் முடிந்து அங்கிருந்தே அண்ணன் ஊருக்கு பஸ் ஏறப் போகிறார் என்று பையைப் பார்த்தாலே தெரிந்தது. சித்தி அதைப் பார்க்காததுபோல என்னைத் தலை வாரிக்கொள்ளச் சொன்னாள்.

பிற்பகல். ஆட்டத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. சுவரில் எல்லா கேமராவின் படமும் வந்துவிட்டது. மைதானம் நிரம்பிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து மைதானத்திலிருந்து வருகிற உள்லைன் செத்துவிட்டது. நாங்கள் பேசுவது கேமராமேன்களுக்குப் போகிறது, அவர்கள் பேசுவது எங்களுக்கு வரவில்லை. மைதானத்தில் இருந்த ஒரே டெக்னீஷியன் அதைச் சரிபண்ணப் போனார். டைரக்டர் அதே பழைய வேன் டைரக்டர்தான். “கேக்குறவங்க கேமராவ ஆட்டுங்கப்பா” என்றார்.

ஒன்று தலையாட்டியது. மூன்று ஆட்டியது. நான்கு ஆட்டியது.

ரெண்டு ஆட்டவில்லை. கோல் கம்பமும் வலையும் அப்படியே அசையாமல் நின்றன. ஆள் தொடாத படம் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். மூச்சுகூட இல்லாமல் இருக்கும்.

“ரெண்டு... ரெண்டு, இருக்கியாய்யா?” டைரக்டரின் குரல் இறங்கிவிட்டது. துணிப்பை விஷயம் அறையில் எல்லோருக்கும் தெரியும். யாரும் சித்தியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததே பார்த்ததுபோல இருந்தது. வேனாக இருந்தால் இந்நேரம் யாராவது படியிறங்கி ஓடியிருப்பார்கள். இங்கிருந்து எங்கே ஓடுவது?

ஒவ்வொரு கேமராவின் மூக்கிலும் ஒரு சின்ன மைக் உண்டு, பந்துச் சத்தத்துக்காக. சித்தி ரெண்டாம் நம்பரின் மைக்கை மட்டும் தன் ஹெட்போனுக்கு ஏற்றினாள். கண்ணை மூடிக் கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து ஹெட்போனின் ஒரு காதைக் கழற்றி என் காதில் வைத்தாள். காற்று, கூட்டத்தின் இரைச்சல், அதற்கு மேல் மூக்கால் ஒரு முனகல். சுருதி சேராத முனகல். பக்கத்தில் உட்கார்ந்து மாற்று லென்ஸைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

“இருக்கார்” என்றாள் சித்தி. “ஹெட்செட்டைப் போடல.”

டைரக்டர் ஒன்றாம் நம்பரிடம், ரெண்டைப் பார்த்துக் கைகாட்டச் சொன்னார். அவர் மைதானத்தின் மறுபக்கத்திலிருந்து காட்டியிருப்பார். ரெண்டு கண்டுகொள்ளவில்லை. சித்தி தன் திரையில் கட்டங்களைப் பார்த்தாள். கோபுரத்தின் அடியில் ஒரு சின்ன ஸ்பீக்கர் இருந்தது, அதற்கு ஒரு கட்டம். அதை அடுத்த கட்டம் மைதானத்தின் பெரிய ஒலிபெருக்கிகளுக்கு. ஆட்டத்துக்கு முன்னால் கூட்டத்துக்குப் போடுகிற இசை எங்கள் வழியாகத்தான் போகும். சித்தி ஒரு டிக் போட்டாள். மைக்கைப் பக்கத்தில் இழுத்தாள்.

“ரெண்டு, ஹெட்செட்டைப் போடுங்க.”

ஒரு கணம் போனது. அவள் குரல் எல்லா கேமராவின் மைக் வழியாகவும் திரும்பி வந்தது, மலை மலையாக, எதிரொலியோடு. மைதானம் முழுக்கக் கேட்டிருக்கிறது. நான் அவள் தோளைப் பிடித்தேன். அவள் நிறுத்தவில்லை.

“சாயங்காலம் வீட்டுக்கு வர்றீங்களா? எனக்கு நீங்க வேணும்.”

ஆயிரக்கணக்கான ஜனம் கப்சிப் என்று ஆனது. பிறகு எங்கேயோ ஒரு விசில். மேல்வரிசையில் யாரோ சிரித்தார்கள். படம் வந்து சேர ஆகிற அந்தச் சின்னத் தாமதம் அன்றைக்குப்போல என்றைக்கும் நீண்டதில்லை. ரெண்டாம் நம்பர் டி.வி.யில் கோல் கம்பம் அப்படியே நின்றது. சித்தி மூட்டைக்காகக் காத்திருந்தாள்.

படம் குலுங்கியது. யாரோ கேமராவைப் பிடித்திருக்கிறார்கள். பிறகு கோல் கம்பம் மெள்ள மேலே போய் மறைந்தது, புல்தரை வந்தது. புல்தரை கீழே போனது, வானம் வந்தது. மறுபடி புல்தரை. மறுபடி வானம். அவசரமே இல்லாமல், ஒரு பெரிய மனிதர் தலையாட்டுவதுபோல.

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“காத்து பலமா அடிக்குது” என்றார்.

சித்தி மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். பிறகு அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சத்தத்தை ஏற்றி இறக்குகிற ஃபேடர்களை எல்லாம் சரிபார்த்து, ஆட்டத்தை முடித்துக் கொடுத்தாள். ஒரு சத்தம் பிசகவில்லை.

சாயங்காலம் சித்தப்பா வீட்டுக்குப் போகவில்லை. துணிப்பையோடு நேரே கம்பெனிக்கு வந்தார். படியேறி எங்கள் அறைக்கு வந்து, கையோடு கொண்டுவந்த ஹெட்செட்டை எங்கே மாட்டுவது என்று சுற்றிமுற்றிப் பார்த்தார். சித்தி தன் மேஜைக்குப் பக்கத்துச் சுவரைக் காட்டினாள். அங்கே ஒரு ஆணி இருந்தது. அது எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு ஆட்டம் முடிந்தும் அவர் அங்கே வந்தார், இரண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்குப் போனார்கள்.

முதல் தலையாட்டல் பத்திரமாக இருக்கிறது. இந்த இரண்டாவதை யாரும் பதிவு செய்யவில்லை. ஒளிபரப்பு அப்போது தொடங்கியிருக்கவில்லை. அந்த அறையில் இருந்த எங்கள் கண்ணில் மட்டும்தான் அது இருக்கிறது.

மைதானத்துக்காரர்கள் புகார் செய்ய, சித்தி மேலதிகாரியிடம் நன்றாகப் பேச்சு வாங்கினாள். “பக்கத்துக் கட்டம் சார், கை தவறிடுச்சு” என்றாள். எல்லோரும் நம்பினார்கள். சித்தப்பாவும் நம்பினார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் “அவ கை தவறினதால பொழச்சேன்” என்பார். எனக்கு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. தப்பான ஆளுக்கு லைன் கொடுத்ததே இல்லை என்று பீற்றிக்கொள்கிறவளுக்கு, அன்றைக்கு மட்டும் எப்படித் தவறும்?

நான் இப்போது வேறு ஊரில், வேறு கம்பெனியில். போன வாரம் சித்தியோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தபோது வேன் பேச்சு வந்தது. இரண்டு பேரும் வெகுநேரம் பழசையே புரட்டிக்கொண்டிருந்தோம். கடைசியில் கேட்டுவிட்டேன்.

“சித்தி, இத்தனை வருஷம் ஆயிடுச்சு. உண்மையைச் சொல்லு. அன்னிக்கு நிஜமாவே கை தவறிடுச்சா?”

சித்தியின் முகம் திரையில் அப்படியே நின்றது. நெட்வொர்க் நின்றுவிட்டது என்று நினைத்தேன். அப்போது படம் நகர்ந்தது. அவள் முகம் விலகி அலமாரி வந்தது, ஜன்னல் வந்தது, அப்புறம் மூலையில் சாய்வு நாற்காலி. நெஞ்சில் பேப்பரைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு, வாயைத் திறந்தபடி சித்தப்பா தூங்கிக்கொண்டிருந்தார். படம் அவர் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு வந்த வழியே ஜன்னல், அலமாரி, அவள் முகம். மறுபடி அலமாரி, ஜன்னல், சித்தப்பா. கை நடுங்காமல், அவசரப்படாமல், பக்கவாட்டில் மட்டும்.

முகம் திரும்பி வந்தபோது சித்தி சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இங்க கொஞ்சம் காத்து” என்றாள்.